பத்துக் கோடி ஆண்டுப் பேருறக்கம்

7 மீட்டர் 47 சென்டிமீட்டர். கடலடி மண்ணில் உயிரின் எல்லை இதுதான் என்று 1955-இல் எழுதி வைத்தார்கள் ரிச்சர்ட் மொரிட்டாவும் கிளாட் ஸோபெல்லும். சென்டிமீட்டர் சுத்தமாக உயிருக்குக் கரை கட்டிய துணிச்சலை நினைத்தால் இன்று சிரிப்பு வரலாம். ஆனால் அவர்கள் அரைகுறை ஆட்கள் அல்லர். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் இருந்த ஸோபெல், கடல் நுண்ணுயிரியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். பசிபிக் கடலின் நடுவே எடுத்து வந்த களிமண்ணைச் சத்துக்கூழில் இட்டுப் பார்த்தார்கள். மேல்மண்ணில் நுண்ணுயிர்கள் முளைத்தன. கீழே போகப் போகக் குறைந்தன. 7.47 மீட்டருக்குக் கீழிருந்து வந்த மண்ணில் ஒன்றும் முளைக்கவில்லை. சாப்பிடவில்லை, ஆகவே உயிரில்லை என்று கணக்கை முடித்தார்கள்.

சோறு போட்டுப் பார்ப்பது நல்ல சோதனைதான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டால் வீடே நிமிர்ந்து உட்காரும். ஆனால் கஞ்சி இறங்கவில்லை என்பதற்காக மட்டும் யாரும் பாடை கட்டுவதில்லை.

65 ஆண்டுகள் கழித்து அதே சோதனை நேர்மாறான விடையைத் தந்தது.

2010 அக்டோபரில் தாஹித்தித் தீவின் பபேட்டே துறைமுகத்திலிருந்து ‘ஜாய்டஸ் ரெசல்யூஷன்’ என்ற துளையிடும் கப்பல் கிளம்பியது. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் டிஹாண்டும் ஜப்பானின் ஃபுமியோ இனகாகியும் பயணத்தின் தலைமை விஞ்ஞானிகள். போன இடம் தென் பசிபிக் பெருஞ்சுழல். கடலின் பாலைவனம் என்று அதற்குப் பெயர். எந்தக் கரைக்கும் எட்டாத தூரம்; ஆற்று வண்டல் வந்து சேராது; மேலே நீரில் மிதவையுயிர்கள் அரிது என்பதால் கடல்நீர் உலகிலேயே மிகத் தெளிவாக இருக்கும். மேலே உணவில்லை என்றால் கீழே விழுவதற்கும் ஒன்றுமில்லை. அந்தக் கடலடியில் 10 லட்சம் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மிகாமல்தான் மண் படிகிறது. ஒரு மனித ஆயுள் முழுதும் காத்திருந்தாலும் தலைமுடியின் தடிமனுக்குத்தான் படியும்.

அந்தப் பயணத்தில் துளைமண் மேலே வந்தபோதெல்லாம் “கோர் ஆன் டெக்” என்று ஒரு குரல் ஒலிக்கும். தொழில்நுட்பர்கள் ஓடி வருவார்கள். ஒன்பதரை மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயை வரிசையாக நின்று தோளளவில் தூக்கி, கிடத்தி, ஒன்றரை மீட்டர் துண்டுகளாக அறுப்பார்கள். உள்ளே இருப்பது சாக்லேட் நிறத்தில் நெகிழ்ந்த களிமண். விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் நெருடாது. குயவர் கைக்குப் போகத் தகுந்த மண் என்று தோன்றும். கடல்மட்டத்துக்குக் கீழே ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர், அதற்கும் கீழே சுமார் 75 மீட்டர் மண்: அந்த அடித்தட்டிலிருந்து வந்த களிமண்ணின் வயது 10 கோடியே 15 லட்சம் ஆண்டு. அது படிந்தபோது இமயமலை கிடையாது. இந்தியத் துண்டு மடகாஸ்கரோடு ஒட்டிக்கொண்டு தென்கோளத்தில் கிடந்தது.

அந்த மண்ணில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் செல்கள் இருந்தன. வயற்காட்டு மண்ணில் அதே அளவில் கோடிக்கணக்கில் இருக்கும். இருப்பவை பிணங்களா, பிழைத்திருப்பவையா? ஜப்பானின் கடலாய்வு நிறுவனமான ஜாம்ஸ்டெக்கின் யூகி மோரோனோவும் சகாக்களும் அவற்றுக்கு உணவிட்டார்கள். சர்க்கரை, அசிடேட், அமினோ அமிலம், அம்மோனியா என்று எளிய பண்டங்கள். ஒவ்வொன்றிலும் கார்பனோ நைட்ரஜனோ சற்றே கனமான ஐசோடோப்பாக மாற்றப்பட்டிருந்தது. செல்லுக்குள் அந்தக் கனமான அணு தெரிந்தால், அது சாப்பிட்டது என்று பொருள். ஏறத்தாழ 7,000 செல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். 68 நாளில் சில மாதிரிகளில் செல்களின் எண்ணிக்கை 10,000 மடங்கு வரை பெருகியிருந்தது. மிகப் பழைய மண்ணில் இருந்தவற்றில் 99.1 விழுக்காடு வரை உண்ணும் நிலையில் இருந்தன. 2020-இல் இந்த முடிவு வெளியானபோது, துளையிடும்போது மேல்நீர் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இயல்பாகவே எழுந்தது. அந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் தடயப் பொருளைத் துளைநீரிலேயே கலந்து விட்டுத்தான் வேலை நடந்திருந்தது. அந்தக் களிமண்ணின் துளைகளோ ஒரு செல் நகர்ந்து போக முடியாத அளவு குறுகியவை. ஆகவே அங்கே இருப்பது அங்கேயே புதைந்தது.

இனித்தான் உண்மையான சிக்கல். உணவு கொடுத்த பின் அவை உயிரோடு இருந்தன, அதில் வழக்கில்லை. உணவு கொடுப்பதற்கு முந்தைய நாள் அவை என்னவாக இருந்தன?

உயிர் என்றால் என்ன என்பதற்கு இன்று அதிகம் புழங்கும் வரையறை நாசாவின் குழுவொன்று 1990-களில் ஏற்றுக்கொண்டது: தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும், டார்வின் சொன்ன வகையில் பரிணமிக்க வல்ல வேதி அமைப்பு. செவ்வாயில் உயிர் தேடுகிறவர்களுக்கு வசதியான அளவுகோல். கடலடிக்கு எடுத்துப் போனால் அதன் இரண்டாம் பாதி உடைகிறது. பரிணமிக்க வேண்டுமானால் பெருக வேண்டும். பெருகுவதற்கு அங்கே ஆற்றல் இல்லை. டென்மார்க்கின் ஆர்ஹஸ் விரிகுடாச் சேற்றை அடுக்கடுக்காக ஆராய்ந்த குழு 2017-இல் சொன்னது இதைத்தான்: ஆழத்தில் வாழ்பவை ஆழத்துக்காகப் புதிதாக உருவானவை அல்ல. மேல்மண்ணிலேயே இருந்தவற்றில், புதைந்த பின்னும் தாங்கக்கூடிய வகைகள் மட்டும் மிஞ்சுகின்றன. புதைந்த பின் அவற்றின் மரபணுவில் மாற்றம் மிகச் சொற்பம். அதாவது தேர்வு நடக்கிறது, வளர்ச்சி இல்லை. தேர்வு எழுதிவிட்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் போல.

இப்படி இருப்பவை ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கிய சிறுபான்மை என்றால் வரையறையை மாற்றத் தேவையில்லை. விதிவிலக்கு என்று தள்ளிவிடலாம். ஆனால் 2012-இல் ஜென்ஸ் கால்மையர் குழு போட்ட கணக்கின்படி கடலடி மண்ணில் உள்ள செல்களின் எண்ணிக்கை 29-க்குப் பின்னால் 28 சைபர். முந்தைய மதிப்பீடு இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் என்று சொல்லிக்கொண்டிருந்தது; குறைத்த பிறகுதான் இது. உலகக் கடல்நீர் முழுவதிலும் உள்ள நுண்ணுயிர்களோடு ஒப்பிடத்தக்க தொகை. இவ்வளவு பெரிய கூட்டத்தை வாசலில் நிறுத்திவிட்டு உயிருக்கு வரையறை எழுதுவது நியாயமாகாது.

பழைய வரையறைகள் இந்த இடத்தில் சற்று தாராளமாக இருக்கின்றன. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. தொடுவுணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவு. அங்கிருந்து ஆறறிவுள்ள மனிதர் வரை படிகள். அங்கே கேள்வி ‘பெருகுகிறதா’ என்பதல்ல, ‘உணர்கிறதா’ என்பது. சமணர் இதையே இன்னும் கீழே இறக்கினார்கள். மண்ணையே உடலாகக் கொண்ட உயிர், நீரையே உடலாகக் கொண்ட உயிர் என்று பிரித்து, அதற்கும் அடியில் நிகோதம் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கூட்டத்தை வைத்தார்கள். எண்ணிலடங்காதவை, ஒரே உடலைப் பல உயிர்கள் பங்கிட்டுக்கொள்பவை, திகம்பர மரபின்படி ஒரு மூச்சு விடும் நேரத்தில் 18 முறை பிறந்து இறப்பவை. மண்ணுடல் உயிருக்கு அதிகபட்ச ஆயுள் 22,000 ஆண்டு என்றும் கணக்குக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் “அன்றே சொன்னார்கள்” என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். சமணர் சொன்னது மண்ணில் வாழும் கிருமியை அல்ல, மண்ணே உடலான உயிரை. அவர்களுடைய நிகோதம் கணத்துக்குக் கணம் சாகிறது. பசிபிக் களிமண்ணில் கிடப்பவையோ சாகவே மறுக்கின்றன. பொருத்தம் தேடினால் பொய்தான் கிடைக்கும். அந்த மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு மனநிலை: கண்ணுக்கு அசையாததாகத் தெரிகிறது என்பதற்காக உயிர்ப் பட்டியலிலிருந்து எதையும் அவசரப்பட்டு அடித்துவிடாத நிதானம். 1955-இல் அந்த நிதானம் கொஞ்சம் இருந்திருந்தால் 7.47 என்ற எண் அச்சேறியிருக்காது.

அரிஸ்டாட்டில் வேறு வாசலைத் திறக்கிறார். உயிர் என்பது செயல் அல்ல, செயலுக்கான ஆயத்தம் என்பது அவர் வாதம். கல்வி கற்றவன் அதைப் பயன்படுத்தாமல் படுத்திருந்தாலும் கற்றவன்தான்; உறங்கும் தச்சனும் தச்சன்தான். உளி பிடித்தால் வேலை தெரியும் என்பது போதும். மோரோனோவின் சோதனைக்கு இந்த விளக்கம் அச்சாகப் பொருந்துகிறது: உணவு வந்ததும் உண்டன, ஆகவே உணவு வருமுன்னும் உயிருள்ளவையே. அழகான விடை. ஆனால் ஒரு சொல்லில் வழுக்குகிறது. ‘உறக்கம்’ என்கிறோமே, அவை உண்மையில் உறங்கினவா?

உறக்கத்தின் ஆழங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மரபு ஒன்று தமிழில் உண்டு. சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளை ஐந்தாகப் பிரிக்கிறது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல். வடமொழியில் சாக்கிரம் தொடங்கித் துரியாதீதம் வரை. நனவில் உயிரோடு முப்பத்தைந்து கருவிகள் தொழிற்படும். உயிர் நெற்றியிலிருந்து கண்டத்துக்கும் இதயத்துக்கும் இறங்க இறங்க ஒவ்வொரு கருவியாகக் கழன்றுகொள்ளும். நான்காம் நிலையான பேருறக்கத்தில் மிஞ்சுவது மூச்சும் உயிரும் மட்டும். ஐந்தாவதில் மூச்சும் அடங்கிவிடும். உயிர் தனியே கிடக்கும். சித்தாந்திகள் இதைக் கிருமிக்காகச் சொல்லவில்லை, மனித ஆன்மாவுக்காகச் சொன்னார்கள். ஆனாலும் கடலடி உயிரியல் இருபது ஆண்டுகளாக முட்டிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்பதற்கு இதைவிடத் துல்லியமான சொற்கள் கிடைப்பது அரிது. அந்தச் செல்கள் இருப்பது பேருறக்கத்திலா, உயிர்ப்படங்கலிலா? மூச்சு ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

அளந்து பார்த்தார்கள். 2012-இல் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ராய் குழு, வட பசிபிக் சுழலில் 8 கோடியே 60 லட்சம் ஆண்டுப் பழமையான செம்மண்ணில் ஆக்சிஜன் எப்படிக் குறைகிறது என்று ஊசிபோன்ற உணரிகளால் கணக்கெடுத்தது. மண்ணில் ஆக்சிஜன் இருந்தது. மேல்நீரிலிருந்து கசிந்து இறங்கியிருந்தது. அது ஆழத்துக்கு ஆழம் மிக மிக மெதுவாகக் குறைந்தது. யாரோ அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு செல் ஒரு நாளைக்கு எடுக்கும் ஆக்சிஜன், ஆய்வகத்துக் கிருமி ஒன்று எடுப்பதோடு ஒப்பிடவே முடியாத சொற்பம். ஆனால் பூஜ்யம் அல்ல. மூச்சு ஓடுகிறது.

எவ்வளவு சன்னமாக ஓடுகிறது என்பதற்கு 2020-இல் ஜேம்ஸ் பிராட்லி குழு ஒரு கணக்குத் தந்தது. மனித உடல் இயங்க ஏறத்தாழ 100 வாட் வேண்டும், ஒரு மின்விசிறி அளவு. கடலடியின் சராசரி நுண்ணுயிர் அதில் 5-க்குப் பின்னால் 19 சைபர் போட்ட எண்ணால் வகுத்தால் வருவதை வைத்துக் காலம் தள்ளுகிறது. உயிர் தாங்க இதற்கும் மேல் வேண்டும் என்றே அதுவரை நினைத்திருந்தார்கள்.

அந்தச் சொற்ப ஆற்றல் எதற்குச் செலவாகிறது? பழுது பார்க்க. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் எல்லாம் ஒரே கைப்பக்கம் வளைந்தவை. காலம் போகப் போக, யாரும் தொடாமலே, ஒவ்வொன்றாக மறுபக்கம் புரண்டுவிடும். புரண்டது வேலைக்கு ஆகாது. டி.என்.ஏ.-விலும் எழுத்துகள் தானாக உதிர்கின்றன. சும்மா இருப்பது என்றாலே மெதுவாகச் சிதைவது என்றுதான் பொருள். தொடர்ந்து மாற்றி வேய்ந்தால்தான் கூரை நிற்கும்.

இங்கே ஒரு எதிர்பாராத திருப்பம் இருக்கிறது. முழு உறக்கத்துக்கென்றே பாக்டீரியாக்களிடம் ஓர் உத்தி உண்டு: வித்து. கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது, அதாவது உயிர்ப்படங்கல். பத்துக் கோடி ஆண்டு தாண்டுகிறவை இவையாகத்தான் இருக்கும் என்று எவரும் பந்தயம் கட்டுவார்கள். ஆனால் தென் பசிபிக் களிமண்ணில் விழித்தவற்றில் வித்துக் கட்டும் வகைகள் குறைவு. 2007-இல் சைபீரிய, கனடிய, அண்டார்க்டிக் உறைமண்ணில் செய்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது: சில லட்சம் ஆண்டு தாண்டிய மண்ணில் நீண்ட டி.என்.ஏ. துண்டு மிஞ்சியிருந்தது வித்துகளிடம் அல்ல, மெல்ல மூச்சுவிட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்த செல்களிடம். முழுக்க நிறுத்தியவர்கள் குறுகிய காலத்துக்கு வென்றார்கள். கொஞ்சமே கொஞ்சம் ஓடவிட்டவர்கள் நெடுங்காலத்துக்கு. ஆக விடை பேருறக்கம், உயிர்ப்படங்கல் அல்ல.

இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்தும் சாட்சி உண்டு. 2016-இல் ஜப்பானின் ‘சிக்யூ’ கப்பல் ஷிகோகு தீவின் முரோட்டோ முனைக்கு அப்பால், நான்காய் அகழியில், கடலடிக்குக் கீழே 1.2 கிலோமீட்டர் துளையிட்டது. அடியில் வெப்பம் 120 டிகிரி. சட்டியில் தண்ணீர் கொதிப்பதற்கும் மேல். துளைமண்ணை ஹெலிகாப்டரில் கரைக்கு, கோச்சி என்ற ஊரில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். (நம்மூர் ரயில் போகும் கொச்சி அல்ல, ஜப்பானியக் கோச்சி.) அந்தச் சூட்டிலும் சில செல்கள் இருந்தன. குளிர்ந்த களிமண் உயிர்களைப் போல அவை சிக்கனமாக இல்லை என்று 2022-இல் தெரியவந்தது. மேல்மண் கிருமிகளுக்குச் சமமாக ஆற்றலைச் செலவழித்தன. சூட்டில் புரதம் வேகமாகக் கெடும், வேகமாக மாற்ற வேண்டும். சம்பாதிப்பதெல்லாம் வீட்டைப் பழுது பார்க்கவே போகிற குடும்பம். பிள்ளை பெற மிச்சமில்லை. குளிரிலும் சூட்டிலும் உயிர் செய்வது ஒரே வேலைதான், வேகம் மட்டும் வேறு.

எனில் பழுது பார்ப்பதையே உயிரின் இலக்கணமாக வைத்துக்கொள்ளலாம். பெருகுவது வசதி வந்தால் செய்கிற காரியம். இந்தக் கட்டுரையின் தீர்ப்பு அதுதான். அதிலும் ஒரு முடிச்சு விழுகிறது. எல்லாப் பாகமும் மாறிவிட்ட பின் அது அதே உயிரா? ஆழ்படிவுகளில் ஒரு செல்லின் உடற்பொருள் முழுக்க மாறச் சில நூறு முதல் சில ஆயிரம் ஆண்டு ஆகும் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்த மாற்றம் பழுது பார்த்ததால் வந்ததா, எப்போதோ ஒருமுறை இரண்டாகப் பிரிந்ததால் வந்ததா என்று அந்தக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. ‘பத்துக் கோடி ஆண்டு வயதான பாக்டீரியா’ என்று செய்தித்தாளில் தலைப்பு வருகிறது. மண்ணுக்கு அந்த வயது. செல்லுக்கு என்ன வயது என்ற கேள்விக்குப் பொருளே இருக்கிறதா என்பதுதான் சந்தேகம். ஆன்மா ஒன்று, உடம்பு வேறு என்று சொல்லும் மரபுகளுக்கு இதில் தடுமாற்றமில்லை. நிலையான ஆன்மா இல்லை, விளக்குச் சுடர் போலத் தொடர்ச்சி மட்டுமே உண்டு என்ற பௌத்தருக்கு இது இன்னும் எளிது. தடுமாறுவது, உடம்பும் ஒன்றே ஆளும் ஒன்றே என்று சான்றிதழில் பிறந்த தேதி போட்டுப் பழகிய நாம்தான்.

‘காத்திருக்கின்றன’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. நிலநடுக்கம் வந்து மண் கிளறப்படும், அன்று மேலே வந்து உணவைக் காணும் என்று. சில கடலடிகளில் அது நடக்கலாம். பசிபிக் நடுவில் வருவதற்கு யாருமில்லை. ஓடு மெல்ல நகர்ந்து அகழிக்குள் இறங்கிப் பூமியின் வயிற்றில் வேகும் நாள் ஒன்று உண்டு, அவ்வளவுதான். காத்திருத்தல் என்பது வரப்போவதை அறிந்தவர்களின் சொல். அவை மூச்சுவிடுகின்றன, அதற்கு மேல் அவற்றின் மீது எதையும் ஏற்றத் தேவையில்லை.

2010-இல் அவற்றிடம் உண்மையாகவே ஒருவர் வந்தார். களிமண் மேலே ஏறியது, சர்க்கரையும் அசிடேட்டும் கிடைத்தன, செல்கள் பெருகின. அவை உண்டதை நிரூபிக்க ஒவ்வொன்றையும் நானோசிம்ஸ் என்ற கருவிக்குள் வைக்க வேண்டும். முதலில் ஃபார்மால்டிஹைடு வகைக் கரைசலில் இட்டு அப்படியே நிலைப்படுத்துவார்கள். பிறகு காற்றில்லாத வெற்றிடத்தில், சீசியம் அயனிக் கற்றையால் அவற்றின் மேற்பரப்பைச் சுரண்டி, தெறிக்கும் அணுக்களை எடை போடுவார்கள். உயிரோடு இருந்தன என்று சான்று சொன்ன அந்த 7,000 செல்களும் சான்று சொல்வதற்காகவே கொல்லப்பட்டவை.